சோதனைக்கு இரண்டு சாட்சி

காலை மினிபஸ்ஸுக்கு மகள் கிளம்பும்போது ஷைலோபெக் வெளிவாசல் கதவின் இரண்டு பக்கங்களையும் அகலத் திறந்துவைப்பார். ஒரு பெண்பிள்ளை வெளியே போக ஒற்றைக் கதவே அதிகம். இருந்தாலும் டிராக்டர் வருவதுபோல் இரண்டையும் திறந்து, ரப்பர் காலணியும் தோளில் தொங்கும் கோட்டுமாகத் தெருவில் வந்து நிற்பார். மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறவர்கள், பால் கேனோடு வருகிறவர்கள் என்று யார் கடந்தாலும், அவர்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார்.

"நம்ம புருல்சாதான். போலீஸ் ஆபீசுக்குப் போறா. புலனாய்வுப் பிரிவு. கொஞ்சம் லேட்டானாலும் கேப்டன் தேடுவாரு."

கேப்டன் தேடுவது உண்மைதான். தேநீருக்குத் தேடுவார்.

ஷைலோபெக்குக்குச் சீருடை என்றால் பிறவியிலிருந்தே நடுக்கம். தலாஸ் நெடுஞ்சாலையில் போக்குவரத்துக் காவலரின் வெள்ளைக் கோல் தொலைவில் தெரிந்தாலே காரை ஓரங்கட்டி நம்பர் பலகையைத் துடைப்பார். குற்றம் ஏதும் செய்யாமலே குற்றவாளியின் முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். இந்தப் பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து, சீருடை ஒன்றைத் தம் வீட்டு ஆணியிலேயே தொங்கவிடுவது. அதற்காக ஒரு பெட்டைக் குதிரையையும் அதன் குட்டியையும் விற்று மகளைச் சட்டம் படிக்க அனுப்பினார். ஆண்மை உள்ளவன் பயத்தை வெல்கிறான். ஷைலோபெக் போன்றவர்கள் அதற்குச் சம்பந்தி ஆகப் பார்க்கிறார்கள்.

கல்லூரி என்பது மாவட்டத் தலைநகரில் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த இரண்டு தளங்கள். ரோமானியரின் சட்டத்தை அங்கே பழுப்பேறிய தாள்களிலிருந்து வாசிப்பார்கள். குற்றவாளியின் மனத்தை, குற்றவாளி எவரையும் கண்டிராத ஒருவர் விளக்குவார். நான்காம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மாணவர்களை 'வேலை பழகி வர' அனுப்புவார்கள். காவல் நிலையத்திலோ வழக்குமன்றத்திலோ இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டு, 'பொறுப்பும் திறமையும் உள்ளவர்' என்று முத்திரை வைத்த நற்சான்றோடு திரும்ப வேண்டும். அந்த வாசகம் எல்லோருக்கும் ஒன்றே. கணினியில் பெயரை மட்டும் மாற்றுவார்கள். சில ஆண்டுகளில் அதையும் மறந்துவிடுவார்கள்.

புருல்சா பழகிய வேலை தையல். வழக்குக் கட்டுகளை விளிம்பில் துளையிட்டு, முரட்டு நூலால் தைத்து, முடிச்சின்மேல் காகிதம் ஒட்டி முத்திரை வைக்க வேண்டும். பயறு மூட்டைகளைச் சிறுவயதிலிருந்தே தைத்த கை என்பதால் அவளுடைய தையல் நேராக விழுந்தது. கேப்டன் ஒமுர்சாக் அதைக் கண்டு மகிழ்ந்து மற்றக் கட்டுகளையும் அவளிடமே தள்ளினார். அவர் கெட்டவராகத் தோன்றமாட்டார். குண்டாக, சிரித்த முகமாக, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டு இருப்பார். சமோசா வாங்கி வரும் பிள்ளைக்கும் ஒன்று கொடுப்பார். சோம்பலைத் தவிர அவருக்குக் கொள்கை எதுவும் கிடையாது. அந்தக் கொள்கையை மட்டும் அவர் கைவிட்டதே இல்லை.

ஒரு வீட்டைச் சோதனையிடும்போது, காவல்துறைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேர் உடனிருந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். வந்தாலும் 'நான் பார்க்காததை ஏன் எழுதுகிறீர்கள்' என்பார்கள். பயிற்சிக்கு வந்த மாணவர்களோ மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். காவல்துறைக்குச் சம்பந்தமில்லாதவர்கள், கேள்வியும் கேட்கமாட்டார்கள். ஆகவே அந்த அலுவலகத்தில் நிரந்தரச் சாட்சிகள் இரண்டு பேர்: புருல்சா, அவளோடு படித்த பெக்தூர். பெக்தூர் வரிவசூல் அதிகாரியின் மகன். பயிற்சிக்கு இரண்டே முறை வந்தான். இரண்டாம் முறை வந்தபோது, இனி வர வேண்டிய தேவை இல்லாதபடி ஒரு கத்தைத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள்: ஓநாய் ஒன்று மலையடிவாரத்துக்குத் தலைமை ஏற்றதாம். முந்தைய ஓநாய்கள் கண்ட இடத்தில் ஆட்டை அடித்துத் தின்றன. புதிய ஓநாய்க்கு ஒழுங்கு பிடிக்கும். இரண்டு காகங்கள் பார்த்துச் சாட்சி சொல்லாமல் எந்த ஆட்டையும் தொடமாட்டேன் என்று அறிவித்தது. ஆடுகள் மகிழ்ந்தன. காகங்கள் முதலில் ஒவ்வொரு முறையும் பறந்து போய்ப் பார்த்தன. அப்புறம் மரத்தில் இருந்தபடியே பார்த்தன. அப்புறம் கூட்டுக்குள் படுத்தபடியே கரைந்தன. ஒருநாள் குட்டியை இழந்த தாயாடு வந்து, "என் பிள்ளையிடம் என்ன குற்றத்தைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டது. மூத்த காகம் அலகைத் துடைத்துக்கொண்டு, "எங்கள் பங்கைப் பார்த்தோம்" என்றதாம்.

புருல்சாவின் பங்கு அந்த முத்திரை வைத்த நற்சான்று.

செப்டம்பரின் கடைசி நாள், ஒரு வியாழக்கிழமை, அவள் வீட்டில் கதிரடிப்பு. அதற்காக ஒரு நாள் விடுப்புக் கேட்டபோது கேப்டன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "போயிட்டு வா. போறதுக்கு முன்னாடி நாலஞ்சு தாள்ல கையெழுத்துப் போட்டு வச்சிரு. ஆள் இல்லன்னு வேலை நிக்கக் கூடாது பாரு."

அவள் போட்டு வைத்தாள். தேதி, இடம், பொருள், எல்லாமே வெற்றிடம். கீழே மட்டும் அழகான கையெழுத்து.

எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் ராஜ்மா பயறுதான். செடியை விடியற்காலைப் பனி காயுமுன் பிடுங்க வேண்டும். வெயில் ஏறினால் நெற்று வெடித்துப் பயறு மண்ணில் சிதறிவிடும். பிடுங்கிக் குவித்ததை வெயிலில் காயவைத்து, மழைக்குமுன் அடித்து உள்ளே சேர்க்க வேண்டும். ஒரு நல்ல மழை போதும், குவியலுக்குள் சூடேறிப் பயறு கறுத்துப்போகும். அதனால் அந்த நாட்களில் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டும் தாஷ்தானின் வருகையைப் பார்த்துக்கொண்டும் இருக்கும். பழைய கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு களம் களமாகப் போவான். நாற்பது வயது. முன்பல் இரண்டு இல்லை. இயந்திரத்தின் சத்தத்துக்குமேல் பேசிப் பேசி, சாப்பிடும்போதுகூடக் கத்தித்தான் பேசுவான்.

அந்த வியாழக்கிழமை விடியும் வெளிச்சத்திலேயே அவன் ஷைலோபெக்கின் களத்துக்கு வந்துவிட்டான். புருல்சா வைக்கோல் கவையால் செடியை அள்ளிக் கொடுக்க, அவன் இயந்திரத்தின் வாயில் திணித்தான். ஷைலோபெக் மூட்டை பிடித்தார். தூசி மேலெழுந்து மலையை மறைத்தது. நடுப்பகலில் கனிஷாய், அதாவது புருல்சாவின் தாய், ஆட்டிறைச்சி போட்ட உருளைக்கிழங்கும் தட்டை ரொட்டியும் பாலாடையும் கொண்டுவந்து துணி விரித்தாள்.

"எஜே, இந்த வருசம் பயறு பல்லு மாதிரி இருக்கு" என்றான் தாஷ்தான். எஜே என்றால் அக்கா. "என் பல்லு மாதிரி இல்ல. உங்களுக்கு வரப்போற மருமகன் பல்லு மாதிரி."

"வாயில போட்டதை முழுங்கிட்டுப் பேசு. சந்தையில அந்தக் கிடங்கு வியாபாரியைப் பிடிச்சுச் சண்டை போட்டியாமே?"

"சண்டையா? நியாயம் கேட்டேன். அவன்கிட்ட ஒரு எலெக்ட்ரானிக் தராசு இருக்கு. என் மாமியாரை அதுல ஏத்தி நிறுத்தினா முப்பது கிலோ காட்டும். அந்தம்மா தொண்ணூறு கிலோ!"

கனிஷாய் சிரித்ததில் தேநீர் சிந்தியது. "அப்ப உன் மாமியாரை அங்கயே வித்துராதே. நஷ்டம்."

"எல்லாரும் நிக்கிறப்பவே சொன்னேன், எஜே. 'தராசை மாத்து, இல்லன்னா நான் ஊர் ஊரா மிஷினோட போறவன், எல்லாக் களத்துலயும் சொல்வேன்'னேன். மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு."

"வம்பு எதுக்குப்பா" என்றார் ஷைலோபெக். "அவரு போலீஸ்காரங்களோட பழகுறவரு."

"பைக்கே, நீங்க எதுக்குப் பயப்படுறீங்க? வீட்டுலயே அதிகாரி வளருது." அண்ணன் வயதுள்ளவரை அழைக்கும் அந்தச் சொல்லை இழுத்துக் கூறிவிட்டு அவன் புருல்சாவின் பக்கம் திரும்பினான். "தங்கச்சி, பதவிக்கு வந்ததும் முதல்ல யாரைப் பிடிப்பே?"

"உங்களைத்தான். மிஷின் சத்தம் தாங்கல."

"பிடி, பிடி. ஜெயில்லயாவது தூங்குறேன்."

பொழுது சாயும்வரை இயந்திரம் ஓடியது. கடைசி மூட்டையைத் தைத்து உள்ளே அடுக்கியபோது மேற்கே மேகம் ஏறியிருந்தது.

சனிக்கிழமை தாஷ்தானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வியாபாரியின் தராசு திருட்டுப் போய்விட்டதாம். அது தாஷ்தானின் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் இருந்ததாம். தராசை ஏற்றி வந்த வண்டி என்று சொல்லி டிராக்டரையும் இயந்திரத்தையும் நிலையத்தின் முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழை விடவில்லை. அடிக்காமல் கிடந்த குவியல்கள் எல்லாம் கறுத்தன. ஊர் என்ன செய்தது? தாஷ்தானைத் திட்டியது. 'திருட்டுப் பய, நம்ம பயறையும் சேத்துக் கெடுத்துட்டான்' என்றது. பத்து வருடமாகத் தங்கள் களத்தில் தின்று தூங்கிய மனிதனைப் பற்றி அறிந்ததெல்லாம் மழையில் கரைந்து, காவல் நிலையம் சொன்னது மட்டும் மிஞ்சிவிட்டது. நனைந்த பயறுக்காவது காயவைக்க ஒரு வழி உண்டு.

அடுத்த வாரம் அந்த வழக்குக் கட்டு தைப்பதற்காகப் புருல்சாவின் கைக்கு வந்தது. துளையிடத் தாள்களைத் தட்டி அடுக்கியபோது தன் கையெழுத்தைக் கண்டாள். அதற்குமேல் வெற்றிடத்தை நிரப்பியிருந்தார்கள்: வியாழக்கிழமை, முற்பகல் பதினொரு மணி, குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில், கீழ்க்கண்ட இரு சாட்சிகளின் கண்ணெதிரே. ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஒமுர்சாக் பைக்கே, இந்தச் சோதனை சனிக்கிழமைதானே நடந்தது?"

"ஆமா."

"வியாழக்கிழமைன்னு இருக்கு."

"மூணு மாசக் கணக்கு வியாழக்கிழமையோட முடியுதும்மா. சனிக்கிழமைன்னு எழுதினா அது அடுத்த கணக்குல போயிரும். இந்தக் கணக்குல ஒரு வழக்கு குறைச்சலா இருந்தது." சமோசாவை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடு."

"வியாழக்கிழமை நான் லீவு. எங்க களத்துல இருந்தேன்."

"இருந்துட்டுப் போ."

"தாஷ்தான் பைக்கேயும் எங்க களத்துலதான் இருந்தாரு. நாள் பூரா."

கேப்டன் மெல்லுவதை நிறுத்தினார். அவருடைய முகத்தில் வந்தது அச்சம் இல்லை. திறந்த கதவை மூட மறுபடியும் எழுந்துபோக வேண்டியவனுடைய சலிப்பு அது.

"இத பாரு. திருடினது உண்மையா இல்லையா? உண்மை. தராசு கிடைச்சுதா? கிடைச்சுது. தேதி என்ன, சும்மா ஒரு நம்பர். அதைப் போய்ப் பெரிசு பண்ணுவியா? அடுத்த மாசம் இங்க ஒரு இடம் காலியாகுது. உன் பேரைத்தான் எழுதப்போறேன். நற்சான்றும் என் கையெழுத்துலதான் போகணும். கோர்ட்ல கூப்பிட்டா 'பார்த்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. ஒரே வார்த்தை. அதைச் சொல்லத் தெரியாதவ நாளைக்கு எப்படி விசாரணை நடத்துவே?"

புருல்சா ஊசியை எடுத்து, தாளைத் துளைத்து, நூலைக் கோத்து இழுத்தாள். நேர்த்தியான தையல். சமோசாவையும் தின்றாள்.

தாஷ்தானின் மனைவி சைராகான் இரண்டு நாள் கழித்து நனைந்த முக்காட்டோடு அவர்கள் வீட்டுக்கு வந்தாள். கனிஷாய் அவளை அடுப்புப் பக்கம் உட்காரவைத்து, ரொட்டியைப் பிட்டு முன்னால் போட்டு, தேநீர் ஊற்றினாள். சைராகான் கிண்ணத்தைத் தொடவில்லை.

"பைக்கே, உங்களத்தான் நம்பி வந்திருக்கேன். எங்க வீட்டுக்குப் போலீஸ் வந்தது சனிக்கிழமை. ரெண்டு பேரு வந்தாங்க. காரைக் கொட்டகை வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினாங்க. வெளி ஆளுன்னு ஒருத்தர் கிடையாது. ஆனா காகிதத்துல வியாழக்கிழமைன்னு எழுதியிருக்காம். அரசாங்கம் குடுத்த வக்கீல் சொன்னாரு."

"அந்த வக்கீல் ஒண்ணும் செய்யலையா?" என்றாள் கனிஷாய்.

"சாட்சி இருந்தா நீயே கூட்டிட்டு வான்னாரு, எஜே. வேற மூணு வழக்கு இருக்காம் அவருக்கு. வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரரு உங்க களத்துலதானே இருந்தாரு? அதை வந்து ஒரு தடவை சொன்னாப் போதும்."

ஷைலோபெக் நெஞ்சை நிமிர்த்தினார். பெருந்தன்மைக்குச் செலவில்லாத வரை அவர் பெருந்தன்மை உள்ளவர்தான்.

"சைராகான், இதுக்கு நீ மழையில வரணுமா? ஆள் விட்டிருந்தா நானே வந்திருப்பேன். என் களத்துல நின்ன மனுசன்! எங்க வேணாலும் வந்து சொல்றேன். என் மகளும் அங்கதான் வேலை பாக்குறா, அவளும் பேசுவா. நீ தேநீர் குடி."

அவள் குடித்தாள். இரண்டு கிண்ணம் குடித்தாள். வாசலில் திரும்பி நின்று, "பைக்கே, ஆண்டவன் உங்க குடும்பத்தை நல்லா வைக்கணும்" என்றாள்.

கதவு மூடியதும் புருல்சா அடுக்களையில் நின்றபடியே சொன்னாள்: "அப்பா, நீங்க போகக் கூடாது."

"ஏன்?"

"அந்தச் சாட்சி நான்தான்."

அவள் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கெண்டி கொதித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

"படிக்காம கையெழுத்துப் போட்டியா?" என்றாள் கனிஷாய்.

"படிக்கிறதுக்கு அதுல ஒண்ணும் இல்லம்மா. வெறும் தாள்."

"வெறும் தாள்லயா! நாலு வருசம் படிச்சு வெறும் தாள்ல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டியா? நான் ஆறாவதோட நின்னவ. என்கிட்ட ஒருத்தன் வெறும் தாளை நீட்டினா அவன் மூக்கைத்தான் பிடிச்சுத் திருகுவேன்."

"கத்தாதே" என்றார் ஷைலோபெக். அவருடைய நெஞ்சு பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. "வெளியே கேக்கும். இதுல யோசிக்க நிறைய இருக்கு. நம்ம பிள்ளை மேல கேஸ் வரும். வேலை போயிரும். தாஷ்தானுக்கு என்ன, முதல் தடவை, சின்னத் தராசு, விட்டுருவாங்க."

"இப்பத்தானே எங்க வேணாலும் வர்றேன்னீங்க?"

"அது முன்னாடி."

"ஒரு கிண்ணத் தேநீர் ஆறலையே புருல்சா அப்பா! அவ குடிச்ச கிண்ணம் இன்னும் சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். மூட்டை தூக்கியபோது பிடித்துக்கொண்டதாம். எழுந்து நடக்க முடிகிற வேளைகளை மனைவி பார்க்காதபடி அமைத்துக்கொண்டார். சைராகான் மறுபடியும் வந்தபோது போர்வைக்குள்ளிருந்து முனகினார். கனிஷாய் அவளை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள ஒரு பிணம் கிடக்கு, வராதே" என்று அனுப்பிவைத்தாள்.

விசாரணை நாளன்று மட்டும் இடுப்பு சரியாகிவிட்டது. மகள் சாட்சி சொல்வதைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை. கடைசி பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நீதிபதி ஜலதோஷம் பிடித்த ஒரு பெண். அங்கியின்மேல் சால்வை போர்த்தியிருந்தார். பெக்தூர் வரவில்லை. மருத்துவச் சான்று வந்திருந்தது. கம்பிக் கூண்டுக்குள் தாஷ்தான் தாடி வளர்ந்து, தோள் சுருங்கி நின்றான்.

"சோதனை நடந்தப்ப நீ கூட இருந்தியா? தராசை எடுக்கிறதைப் பார்த்தியா?" என்று நீதிபதி கேட்டார்.

கேப்டன் சுவரோரம் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பார்த்தேன்" என்றாள் புருல்சா.

சைராகான் வாயில் முக்காட்டை அடைத்துக்கொண்டாள். தாஷ்தான் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைத் தேடிக் கண்டுபிடித்து, பழக்கம் மாறாமல் உரக்கக் கேட்டான்:

"பைக்கே! மழைக்கு முன்னாடி மூட்டையெல்லாம் உள்ள வச்சிட்டீங்கல்ல? நனையலையே?"

காவலர் கூண்டைத் தட்டினார். நீதிபதி மூக்கைச் சிந்திவிட்டு வழக்கைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்தார். ஷைலோபெக் தலையை ஆட்டினாரா, ஆட்டவில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. மூட்டைகள் நனையவில்லை. பள்ளத்தாக்கிலேயே நனையாத சிலவற்றில் அவையும் சேர்த்தி.

வீட்டில் கனிஷாய் இருவரோடும் பேச்சை நிறுத்தினாள். பேச வேண்டியதைப் பசுவிடம் பேசினாள். "நீ நல்லவ. உன் கன்னு எங்க நின்னுச்சுன்னு கேட்டா, நின்ன இடத்தைத்தான் காட்டுவே. உனக்கு நற்சான்று வேண்டியதில்ல பாரு." பால் கறந்து முடியும்வரை இப்படி நடந்தது. ரொட்டியை மேசையில் தலைகீழாகப் போட்டாள். எங்கள் பக்கத்தில் ரொட்டியைக் கவிழ்த்துப் போடும் வீட்டில் சாப்பாடு இறங்காது.

புருல்சா அறைக்குள் பாடப்புத்தகங்களைப் புரட்டினாள். அவளை வீராங்கனை என்று நினைக்க வேண்டாம். அவள் தேடியது வெளியேறும் வழியை. கடைசியில் ஒரு பிரிவு அகப்பட்டது: பொய்ச்சாட்சி சொன்னவர், தீர்ப்புக்குமுன் தானாக முன்வந்து உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை. அதை மூன்று முறை படித்தாள். நான்காண்டில் அவள் ஒரு பாடத்தை உண்மையாகவே படித்தது அன்றுதான். தண்டனை இல்லை என்று ஆன பிறகே அவளுக்கு அழுகை வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் மனசாட்சிகூடச் சட்டப்பிரிவைக் கேட்டுவிட்டுத்தான் கண் திறக்கிறது. போகட்டும், திறந்ததே.

அழுத முகத்தோடு முற்றத்துக்கு வந்தாள். "அம்மா, திங்கட்கிழமை நான் மாத்திச் சொல்லப் போறேன். சான்று கிடைக்காது. வேலையும் கிடைக்காது."

கனிஷாய் பசுவின் மடியிலிருந்து கையை எடுக்காமல், மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவளிடம் பேசினாள்: "அந்த வாளியை இப்படி நகத்து."

திங்கட்கிழமை மூவரும் போனார்கள். ஷைலோபெக்கை யாரும் கூப்பிடவில்லை. மினிபஸ்ஸில் தாமாக ஏறி, பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

நீதிபதி தாள்களைத் திறக்கும்போதே புருல்சா எழுந்து நின்றாள்.

"உட்காரும்மா, உன் முறை முடிஞ்சு போச்சு."

"முடியல, நீதிபதி அவர்களே. அன்னைக்கு நான் சொன்னது பொய். நான் எந்தச் சோதனையையும் பார்க்கல. வெறும் தாள்ல முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

கேப்டன் எழுந்தார். "உடம்பு சரியில்லாத பிள்ளை, மேடம். அலுவலகத்துலயே ரெண்டு நாளா ஒரு மாதிரி..."

"நீங்க புலனாய்வு அதிகாரியா, டாக்டரா? உட்காருங்க." நீதிபதி சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு புருல்சாவைப் பார்த்தார். "வியாழக்கிழமை நீ எங்க இருந்தே?"

"எங்க களத்துல. தாஷ்தான் பைக்கே கதிரடிச்சாரு. நான் செடி அள்ளிக் குடுத்தேன்."

"போன தடவை ஒண்ணு சொன்னே. இன்னைக்கு ஒண்ணு சொல்றே. ரெண்டுல எதை நான் எழுதிக்கிறது? கையெழுத்து உன்னோடதுதான். பொய் சொல்வேன்னு நீயே ஒத்துக்கிட்டவ. உன் ஒருத்தி வார்த்தையை வச்சு நான் கூண்டைத் திறக்க முடியாது. அங்க வேற யாரு இருந்தா?"

கனிஷாய் பெஞ்சைவிட்டு எழுவதற்காகக் கையை ஊன்றினாள். அவளுக்கு முன்பே பக்கத்தில் ஒருவர் எழுந்துவிட்டார். ஷைலோபெக்கின் தொப்பி தரையில் விழுந்தது. கேப்டன் திரும்பி, சிரித்த முகம் மாறாமல் அவரையே பார்த்தார். அந்தப் பார்வை பட்டதும் ஷைலோபெக்கின் கை, துடைப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்பதுபோல் கோட்டின் ஓரத்தைத் தேடியது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றார் நீதிபதி.

"சத்தமா, பைக்கே" என்றாள் சைராகான், முன் பெஞ்சிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல். "என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். மிஷின் சத்தத்துல போச்சு."

ஷைலோபெக் கீழே கிடந்த தொப்பியைத் தாண்டி நடைபாதைக்கு வந்தார். கேப்டனைக் கடந்து, கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் ஷைலோபெக். இவளோட அப்பா. அந்த வியாழக்கிழமை விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் தாஷ்தான் என் களத்துல இருந்தான். நான் மூட்டை பிடிச்சேன். ஒரு மணி நேரம்கூட அவன் அங்கேர்ந்து நகரல." கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இவன் பொஞ்சாதி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டா. வர்றேன்னு சொல்லி, தேநீர் குடுத்து அனுப்பிட்டு, இடுப்பு வலின்னு படுத்துக்கிட்டேன். எனக்கு ஒரு வலியும் இல்ல. அதையும் எழுதிக்கோங்க."

"அது வழக்குக்கு வேண்டியதில்லை" என்றார் எழுத்தர்.

"எழுதிக்கோங்கய்யா."

எழுத்தர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையசைத்தார். எழுத்தர் எழுதினார்.